எரிமலைக் குழம்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைப் பாறையின் காந்தம் சொல்லுமா?

கேள்வி
இட்டவர்: கடலோர ஆசிரியை (சென்-பிலிப், ரீயூனியன்)

அனைவருக்கும் வணக்கம். ரீயூனியன் தீவின் தென்கிழக்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். எங்கள் மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலானவை பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை உமிழ்ந்த குழம்பு ஆறிக் கல்லான தரையின் மீதே நிற்கின்றன. ஆகவே இந்த ஆண்டு மேல்வகுப்பு மாணவர்களின் செய்முறைப் பணிக்கு அந்தக் கல்லையே பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

கிரான் ப்ரூலே சரிவைக் குறுக்காகக் கடக்கும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு, குழம்புப் பரப்புகளின் அருகில் அவை வந்த ஆண்டைக் குறித்து நடப்பட்டிருக்கும் பலகைகள் நினைவிருக்கும். அந்த இடங்களில் குழம்பு எந்த வாயிலிருந்து புறப்பட்டது, எந்த வழியாக இறங்கியது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. எங்களுக்குப் புதிராக இருப்பவை பலகை இல்லாத பழைய குழம்புகள்தாம். ஓடைகள் அறுத்த கரைகளில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. மேற்பரப்பைக் காடும் வனிலாக் கொடிகளும் மூடியிருப்பதால், ஒரு குறிப்பிட்ட அடுக்கு மேலே எங்கிருந்து தொடங்கியது என்பதை நடந்துபோய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. 1986-இல் நடந்ததுபோல, எரிமலை உச்சியைச் சூழ்ந்த ஆங்க்லோ ஃபூக்கே பள்ளத்துக்கு வெளியே, மக்கள் குடியிருக்கும் சரிவிலேயே பிளவு திறக்கக்கூடும் என்பதால், பழைய குழம்புகள் எந்தப் பக்கமிருந்து வந்தன என்பது எங்கள் ஊருக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

அண்மையில் மாணவர்களை ஓர் ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றபோது, பாறையின் முகத்தை ஒட்டித் திசைகாட்டியை வைத்து மெல்ல நகர்த்திப் பார்த்தோம். ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் திரும்பியது. "குழம்பு வந்த திசையைத்தான் முள் காட்டுகிறது" என்று ஒரு மாணவி உறுதியாகச் சொன்னாள். அது சரியாக இருக்காது என்று எனக்குத் தோன்றினாலும், ஏன் சரியில்லை என்பதை முழுமையாக விளக்க விரும்புகிறேன். பாறையின் காந்தப் பண்பை அளந்து குழம்பு ஓடிய திசையைக் கண்டறியும் முறை ஒன்று உண்டு என்று படித்திருக்கிறேன். முள் விலகுவதும் அந்த முறையும் ஒன்றுதானா? வேறு என்றால் அதன் அடிப்படை என்ன, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

மறுமொழி 1
இட்டவர்: துளைக்கருவி (சென்-தெனி, ரீயூனியன், சொந்த ஊர் திருச்சிராப்பள்ளி)

வணக்கம் அம்மா. உங்கள் மாணவி சொன்னது தவறு என்றாலும், அவர் கேள்வியை எழுப்பிய இடம் மிகச் சரியானது; இந்தத் துறையில் நுழைபவர்கள் எல்லோரும் முதலில் பிரித்து அறிய வேண்டிய இரண்டு பண்புகள் அங்கேதான் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, பாறை தானாகவே சுமந்திருக்கும் எச்சக் காந்தம். நம் தீவின் பசால்ட் குழம்பு ஏறத்தாழ 1100 முதல் 1200 டிகிரி செல்சியசு வெப்பத்தில் வெளிவருகிறது. அந்த வெப்பத்தில் அதிலுள்ள இரும்புக் கனிமங்களுக்கு நிலையான காந்தம் எதுவும் இராது. குழம்பு நின்று, இறுகி, மேலும் குளிர்ந்து, அந்தக் கனிமத்தின் கியூரி வெப்பநிலைக்குக் கீழே இறங்கும்போதுதான் அப்போதைய புவிகாந்தத்தின் திசை அதில் பதிகிறது. தூய மாக்னடைட்டுக்கு அந்த வெப்பநிலை 580 டிகிரி. டைட்டானியம் மிகுதியாகக் கலந்த கனிமத்துக்கு அது 200 டிகிரிக்கும் கீழே போகலாம். ஆகவே எச்சக் காந்தம் பதியும் நேரத்தில் ஓட்டம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். அது குழம்பு போன திசையைப் பற்றி எதுவும் சொல்லாது. குளிர்ந்த காலத்தில் புவியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதையே சொல்லும். எரிமலைக் கற்களில் இந்தக் காந்தத்தை மச்செடோனியோ மெல்லோனி வெசூவியசுக் குழம்புகளைக் கொண்டு 1853-இல் ஆராய்ந்தார். அதன் வழியே வளர்ந்த ஆய்வில்தான் பெர்னார் ப்ரூன் 1906-இல், பிரான்சின் காந்தால் பகுதியில், இன்றைய புலத்துக்கு நேரெதிராகக் காந்தம் பதிந்த குழம்பையும் அது சுட்ட களிமண்ணையும் கண்டார்.

உங்கள் திசைகாட்டி முள்ளை அசைத்தது இந்த எச்சக் காந்தமும், இன்றைய புவிகாந்தம் அதே பாறையில் தூண்டும் காந்தமும் சேர்ந்த விளைவு. பசால்ட்டில் பொதுவாக முன்னதே மிகுதி. ஒரு சாண் தூரத்துக்குள் முள் இருபுறமும் திரும்பியது என்றால் அதற்குப் பாறை முகத்தின் மேடுபள்ளம் ஒரு காரணமாக இருக்கலாம். குழம்பு குளிர்ந்தபின் உருண்டு திரும்பிய கட்டிகள் அந்த முகத்தில் இருக்கலாம். இடி விழுந்த இடமாகவும் இருக்கலாம். இடியின் மின்னோட்டம் பாறையில் மிக வலிய காந்தத்தைச் சிறு பரப்பில் ஏற்றிவிடும். முகடுகளிலும் தனித்து நிற்கும் பாறைகளிலும் இது அடிக்கடி காணப்படுவது. ஆகவே மாதிரி எடுப்பவர்கள் அத்தகைய இடங்களைத் தவிர்த்துவிடுவார்கள்.

இரண்டாவது பண்பு காந்த ஏற்புத்திறன். ஒரு பொருளை வலுக்குறைந்த புலத்தில் வைத்தால் எவ்வளவு காந்தமாகிறது என்பதன் அளவு அது. பாடநூலில் நீங்களே கற்பிப்பதுதான். பாறையில் இந்த ஏற்புத்திறன் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மாக்னடைட் துகள் நீண்ட வடிவில் இருந்தால் அதன் நீளவாக்கில் எளிதாகக் காந்தமாகும், குறுக்குவாக்கில் அவ்வளவு எளிதாக ஆகாது. குழம்பு ஓடும்போது, ஆற்று வெள்ளத்தில் மிதந்து வரும் மூங்கில் கழிகள் நீரோட்டத்துக்கு ஏற்பத் திரும்பி அமைவதுபோல, அதிலுள்ள நீண்ட, தட்டையான படிகங்கள் ஓட்டத்தின் இழுப்புக்கு ஏற்ப அணிவகுக்கின்றன. இந்த அணிவகுப்பை நாங்கள் காந்த இழையமைப்பு என்கிறோம். ஒரு மாதிரியைப் பல திசைகளில் வைத்து ஏற்புத்திறனை அளந்தால் (ஒரு புகழ்பெற்ற முறையில் 15 நிலைகள்) முட்டை வடிவக் கணித உருவம் ஒன்று கிடைக்கும். அதற்கு நீள் அச்சு, இடை அச்சு, குறு அச்சு என மூன்று அச்சுகள் உண்டு. பெரும்பாலான குழம்புகளில் நீள் அச்சு ஓட்டத்துக்கு இணையாகவும், குறு அச்சு ஓட்டத் தளத்துக்குச் செங்குத்தாகவும் அமையும். பாறையின் அமைப்பை அறிய இந்தப் பண்பு பயன்படும் என்பதை ஜான் கிரகாம் 1954-இல் எடுத்துரைத்தார். 1988-இல் நைட், வாக்கர் இருவரும் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் ஓஆகு தீவில், டைக்குகளில் (பாறைக்குழம்பு பிளவுகளின் வழியே ஏறிவந்து சுவர்போல் இறுகிய பாறைகளில்) இதைக் கொண்டு ஓட்டத் திசையைக் காட்டினார்கள். எரிமலைத் தீவுகளில் இம்முறை பரவியதற்கு அவர்களுடைய பணி ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நீள் அச்சு வடமேற்கு–தென்கிழக்கு என்று கிடைத்தால், குழம்பு வடமேற்கிலிருந்து வந்ததா, தென்கிழக்கிலிருந்து வந்ததா என்பது அதிலிருந்து மட்டும் தெரியாது. அச்சுக்கு இரண்டு முனைகளும் ஒன்றே. இதைத் தீர்ப்பதற்கு ஓட்டத்தின் விளிம்புகளுக்குப் போக வேண்டும். தரையை ஒட்டிய குழம்பு உராய்வால் தயங்க, அதற்கு மேலுள்ளது வேகமாக முந்துகிறது. இந்த வேக வேறுபாட்டால் அடிப்பகுதியில் படிகங்கள் சற்றே சாய்ந்து நிற்கும். அவற்றின் உயர்ந்த நுனி குழம்பு போகும் பக்கத்தையும், தாழ்ந்த நுனி அது வந்த பக்கத்தையும் நோக்கும். டைக்கில் இரு சுவர்களிலும் இதே விளைவு கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிராக நிகழ்வதால், இரு பக்கத்து அச்சுகளும் ஓட்டம் செல்லும் திசையில் ஒன்றையொன்று நெருங்கி அம்பு முனையைப்போல் அமையும். ஆகவே திசையை மட்டுமன்றிப் போக்கையும் அறிய வேண்டுமானால், அடுக்கின் நடுவிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பது போதாது. அடிப்பகுதியிலிருந்து உயரத்தைக் குறித்துக்கொண்டே எடுத்தாக வேண்டும். நடுப்பகுதி நல்ல கெட்டியான கல்லாக இருக்கிறது என்பதற்காக எல்லோரும் அங்கேயே துளையிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் பழக்கம்.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். குழம்புப் பாறையில் நீள் அச்சுக்கும் குறு அச்சுக்கும் உள்ள ஏற்புத்திறன் வேறுபாடு பெரும்பாலும் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காப்பாபிரிட்ஜ் போன்ற நுண்ணிய கருவி தெளிவாக அளந்துவிடும். ஆனால் அளவீடு நுண்ணியது என்பதாலேயே விளக்கமும் சரியாகிவிடாது. மாக்னடைட் பெரும்பாலும் பிற்பாடு, ஏற்கெனவே அணிவகுத்த பிளகியோகிளேசுப் படிகங்களின் இடைவெளிகளில் உருவாகிறது. அப்போது துகளின் வடிவத்தைவிட, துகள்கள் எவ்வாறு பரவிக் கிடக்கின்றன என்பதே ஏற்புத்திறனின் திசை வேறுபாட்டைத் தீர்மானிக்கக்கூடும் என்று ஹார்கிரேவ்சும் உடன் ஆய்வாளர்களும் 1991-இல் காட்டினார்கள். இன்னொரு சிக்கல், துகள்கள் மிகச் சிறியவையாக, ஒற்றைக் காந்தக் களம் மட்டுமே கொண்டவையாக (முழுத் துகளும் ஒரே திசையில் காந்தமானவையாக) இருந்தால், நீளவாக்கில் ஏற்புத்திறன் மிகுதி என்பது மாறி, குறைவாகிவிடும்; அப்போது நீள் அச்சும் குறு அச்சும் இடம் மாறிப் போனதுபோல் விடை வரும். விரைவாகக் குளிர்ந்த விளிம்புகளில் இதை எதிர்பார்க்கலாம் என்பதால், அடிப்பகுதி மாதிரிகளில் கனிமத்தின் அளவையும் தன்மையையும் தனியே சோதித்த பிறகே போக்கைப் பற்றிப் பேச வேண்டும். ஓரிடத்தில் குறைந்தது எட்டு, பத்து மாதிரிகள் எடுத்து, அச்சுகள் ஒன்றுகூடி நிற்கின்றனவா என்று புள்ளியியல் முறையில் பார்ப்பது இதனால்தான்.

---

மறுமொழி 2
இட்டவர்: ரோஸ் ஹில் நில அளவர் (மொரீசியஸ், ஓய்வு பெற்றவர்)

துளைக்கருவி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. எங்கள் தீவிலிருந்து ஓர் எச்சரிக்கையும் ஒரு செய்தியும் சேர்க்கிறேன்.

மொரீசியசில் கரும்பு வயல்களுக்கு நடுவே கருங்கற்கள் மலைபோல் குவிந்திருப்பதை இங்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவை நிலத்தைப் பண்படுத்தும்போது நம் முன்னோர் உள்ளிட்ட கூலியாட்கள் பெயர்த்து அடுக்கியவை. கையால் பெயர்த்த கல், ஓடையில் உருண்டு வந்த கல், சாலையோரத்தில் எந்திரம் தள்ளிய கல் ஆகியவற்றில் ஏற்புத்திறனை எவ்வளவு கவனமாக அளந்தாலும் திசை பற்றிய எந்த முடிவும் வராது, ஏனென்றால் அந்தக் கல் எந்த நிலையில் கிடந்தது என்பது அழிந்துவிட்டது. பள்ளி மாணவர்கள் கையில் எடுக்க எளிதான கல்லைத்தான் முதலில் நாடுவார்கள்; இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அசையாத தாய்ப்பாறைதானா என்பதை உறுதி செய்ய, கல்லுடைக்கும் குவாரிகளின் வெட்டுமுகங்களே எங்கள் பக்கம் மிகப் பொருத்தமானவை. புதிதாக வெட்டப்பட்டிருப்பதால் காற்றும் மழையும் கனிமங்களைத் துருவாக்காத கல் அங்கே கிடைக்கும்.

செய்தி இது. 1966-இல் சமலான், மக்டூகல் என்ற இரு அறிஞர்கள் ரீயூனியன் தீவின் பழைய பசால்ட்டுகளின் வயதையும் காந்தத் துருவத்தையும் சேர்த்து ஆராய்ந்து, புவிகாந்தம் பெரும்பாலும் தலைகீழாக இருந்த மட்டுயாமா காலத்துக்குள்ளே, சுமார் 21 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, சிறிது காலம் மட்டும் இன்றுபோல் இயல்பான திசைக்குத் திரும்பியிருந்தது என்று கண்டார்கள். உலகின் காந்தக் காலவரிசையில் அந்த நிகழ்வுக்கு இன்றும் ரீயூனியன் என்றே பெயர். உங்கள் மாணவர்கள் தங்கள் தீவின் பெயர் ஆழ்கடல் வண்டல் ஆய்விலும், மனிதனின் மூதாதையர் எலும்புகளின் வயதைக் கணிக்கும் ஆய்விலும் எடுத்தாளப்படுகிறது என்பதை அறிய வேண்டும் என்பது என் ஆசை. அதே இருவரும் 1969-இல் மொரீசியசின் பாறைகளையும் இவ்வாறே ஆராய்ந்து வெளியிட்டார்கள். இங்குள்ள மூத்த, இடை, இளைய குழம்பு வரிசைகளின் காலத்தைப் பற்றிய பேச்சு அந்த அடித்தளத்தின் மீது எழுந்ததே.

---

மறுமொழி 3
இட்டவர்: சிலாவோஸ் மலையேறி (சென்-பியேர், ரீயூனியன்)

நான் இத்துறையில் பயின்றவன் அல்லன், ஆயினும் மலைப்பாதைகளில் வழிகாட்டியாக இருப்பதால் இவற்றை விடாமல் படித்து வருகிறேன். இம்முறை தரைமேல் ஓடிய குழம்புக்கு மட்டும் உரியதன்று. பித்தோன் தே நேஜ் எரிமலையின் உட்புறத்தை மழை அரித்து மூன்று பெரும் பள்ளத்தாக்குகளாகத் திறந்து வைத்திருப்பதால், ஒரு காலத்தில் மலைக்குள் ஆழத்தில் இருந்த டைக்குகளையும், படுக்கைவாட்டில் புகுந்த சில்களையும் நாம் இன்று நடந்தே போய்ப் பார்க்க முடிகிறது. அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும் சில்களின் காந்த இழையமைப்பை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பாறைக்குழம்பு புகுந்து ஓடியதன் தடத்தோடு, எரிமலையின் பக்கச்சரிவு நகர்ந்தபோது இறுகியும் இறுகாமலும் இருந்த அந்தக் குழம்பு வெட்டி இழுக்கப்பட்டதன் தடமும் சில்களில் இருக்கிறது என்பது அதன் சாரம். எரிமலைத் தீவுகளில் மலையின் ஒரு பக்கம் முழுவதுமே கடலுக்குள் சரிவது நடக்கக்கூடியது என்பதால், இந்தப் பயன்பாட்டை ஓட்டத் திசையறிவதைவிடவும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பித்தோன் தெ லா ஃபூர்னேசில் காந்தமானிகளை நிலத்தில் நிறுவி, மலை விழித்திருக்கும்போதே புலத்தின் மாற்றங்களை அளந்திருக்கிறார்கள். ஸ்லோட்னிக்கி, லெ முவேல் இருவரும் 1990-இல் அந்த மாற்றங்கள் மிகப் பெரியவையாக இருப்பதைச் சுட்டி, பாறை இடுக்குகளில் நிலத்தடி நீர் பாய்வதால் எழும் மின்னோட்டம் அவற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். இது குளிர்ந்த கல்லின் காந்தத்தைப் படிக்கும் முறையிலிருந்து வேறுபட்டது. இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

---

கேட்டவரின் தொடர்ச்சி
இட்டவர்: கடலோர ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எச்சக் காந்தம் காலத்தைப் பற்றியது, இழையமைப்பு ஓட்டத்தைப் பற்றியது என்ற பிரிவினை இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. இதிலிருந்து எனக்கு எழுந்த எண்ணம், பலகை இல்லாத ஓடைக்குப் போவதற்கு முன், எல்லாம் தெரிந்த ஒரு குழம்பில் முறையைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது. 2007 ஏப்ரலில் த்ரெம்ப்லே பக்கம் இறங்கிக் கடலைச் சேர்ந்த குழம்பும், 1986-இல் சென்-பிலிப்பில் புதிய நிலத்தை உண்டாக்கிய குழம்பும் இதற்கு ஏற்றவையா? பள்ளியில் காப்பாபிரிட்ஜ் இல்லை. மாதிரியை எடுத்து ஓர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஆய்வக விடை வருவதற்குள் மாணவர்கள் தாங்களே அளக்கக்கூடியது ஏதேனும் உண்டா? கூடவே, ஓடைக்கரையில் உள்ள அடுக்குகளில் இரண்டு ஒரே வெடிப்பைச் சேர்ந்தவையா, வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையா என்று பிரிப்பதற்கு எச்சக் காந்தம் உதவுமா?

---

மறுமொழி 4
இட்டவர்: துளைக்கருவி

தெரிந்த குழம்பில் தொடங்குவது மிகச் சிறந்த வழி அம்மா. நம் எரிமலை அடிக்கடி விழிப்பதாலும், பூர்-முரா ஆய்வுக்கூடம் நெடுங்காலமாகக் கண்காணித்து வருவதாலும், விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் தீவுகள் உலகில் மிகச் சில. 1986 குழம்பு உங்களுக்கு அருகில் இருக்கிறது, நடக்கவும் எளிது. அதையே முதலில் எடுங்கள். 2007 குழம்பு தடிமனானது, நல்ல வெட்டுமுகம் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

எங்கு எடுத்தாலும் குழம்பின் வகையைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கிராத்தோன் என்று சொல்லும் கரடுமுரடான வகையில், மேலும் கீழும் உள்ள உதிரிக் கட்டிகள் ஓட்டத்தின்போதே உருண்டு புரண்டவை. அவற்றில் துளையிட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற அச்சுகளே கிடைக்கும். அவற்றுக்கு இடையே உள்ள கெட்டியான நடுப்பட்டைதான் உங்களுக்கு வேண்டியது. அதன் அடிவிளிம்பைத் தவறவிடாதீர்கள். வழவழப்பான, கயிறு முறுக்கியதுபோன்ற வகையில் வேறொரு கவலை இருக்கிறது. அங்கே குழம்பு சிறு சிறு நாக்குகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் பள்ளம் கண்ட பக்கம் திரும்பி, உள்ளே ஊறி உப்பி நின்றுவிடுகிறது. ஒரு நாக்கின் இழையமைப்பு அந்த நாக்கு கடைசியாக எப்படி நகர்ந்தது என்பதையே காட்டும். முழுக் குழம்பும் எந்த மலைமுகட்டிலிருந்து வந்தது என்பதை ஒற்றை இடத்திலிருந்து சொல்லிவிட முடியாது. சரிவு நெடுகப் பல இடங்களில் எடுத்துச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளியும்.

மாணவர்கள் கண்ணாலும் கையாலும் அளக்கக்கூடியவை நிறைய உண்டு. கயிற்று மடிப்புகளின் வளைவில் புடைத்த பக்கம் ஓட்டம் சென்ற திசையை நோக்கும். அடிப்பகுதியில் குழாய் வடிவக் காற்றுக்குமிழிகள் இருந்தால் அவற்றின் மேல்நுனி ஓட்டத் திசையில் வளைந்திருக்கும். நீண்டு இழுபட்ட குமிழிகளின் நீளவாக்கை வரைபடத்தில் குறிக்கலாம். இவற்றை முதலில் குறித்து வைத்துவிட்டு, பிறகு ஆய்வகம் தரும் அச்சுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எங்கே பொருந்தவில்லையோ அந்த இடம்தான் மாணவர்களுக்குப் பாடம் தரும். அந்த மாணவியின் முள் சோதனையையும் கைவிட வேண்டாம். கைப்பேசியில் உள்ள காந்தமானியைக் கொண்டு, ஒரு பாறை முகத்தில் கட்டம் வரைந்து புள்ளி புள்ளியாகப் புலத்தின் வலிமையை அளந்தால், எங்கே இடி விழுந்திருக்கலாம், எங்கே மாதிரி எடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். கைப்பேசி உறையில் காந்தப் பூட்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

அடுக்குகளைப் பிரிப்பதற்கு எச்சக் காந்தம் உறுதியாக உதவும். புவிகாந்தத் திசை நூற்றாண்டுகளில் மெல்ல நகர்கிறது. நம் அகலாங்கில் நீண்டகாலச் சராசரிப் புலத்தின் சாய்வு (கிடைமட்டத்தோடு அது அமைக்கும் கோணம்) கணக்குப்படி ஏறத்தாழ 37 முதல் 38 பாகை. ஆனால் இன்று இங்கே அளந்தால் 50 பாகைக்கும் மேல் வருகிறது, திசைகாட்டி முள்ளும் உண்மை வடக்கிலிருந்து மேற்கே சுமார் 20 பாகை விலகி நிற்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் இந்தச் சாய்வு மேல்நோக்கியது என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள். திருநெல்வேலி அருகே காந்த நடுக்கோடு போவதால் அங்கே முள் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். இரு அடுக்குகளின் எச்சக் காந்தத் திசை பிழை எல்லைக்குள் ஒன்றாகவே இருந்தால் அவை ஒரே வெடிப்பையோ அடுத்தடுத்த வெடிப்புகளையோ சேர்ந்தவையாக இருக்கலாம். பல பாகைகள் வேறுபட்டால் இடையே நெடுங்காலம் கடந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். துருவம் தலைகீழாக இருக்கும் பாறையை மட்டும் உங்கள் ஓடையில் எதிர்பார்க்க வேண்டாம்: பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் தோன்றி ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன, கடைசித் துருவ மாற்றம் அதற்கும் முன்பே, சுமார் 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டது. அதைக் காண வேண்டுமானால் பித்தோன் தே நேஜின் பழைய குழம்புகளுக்குப் போக வேண்டும்.

உதிரிக் கட்டிகளிலிருந்தும் எச்சக் காந்தம் ஒரு செய்தியைத் தரும். கட்டியைப் படிப்படியாகச் சூடாக்கிக் காந்தத்தை நீக்கும்போது, உயர் வெப்பத்தில் அழியும் பகுதி கட்டிக்குக் கட்டி வெவ்வேறு திசையிலும், தாழ் வெப்பத்தில் அழியும் பகுதி எல்லாக் கட்டிகளிலும் ஒரே திசையிலும் இருந்தால், அவை இடையிலுள்ள ஏதோ ஒரு வெப்பநிலையில் புரள்வதை நிறுத்தி நிலைத்துவிட்டன என்று அறியலாம். குழம்பின் மேலோடு எவ்வளவு சூட்டில் உடைந்து நகர்ந்தது என்பதை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் வேறு முறையை நான் அறியேன்.

களப்பணியைப் பற்றி: எரிமலையின் மேற்பகுதியும் ஆங்க்லோ பள்ளமும் தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் வருவதால், எங்கே துளையிட வேண்டுமானாலும் பூங்கா அலுவலகத்திடம் எழுத்துமூலம் இசைவு பெற்றுவிடுங்கள். துளையிடும் முனை காந்தம் ஏற்காத உலோகத்தில் வைரம் பதித்ததாக இருக்க வேண்டும். நீர் விட்டுக் குளிர்வித்துக்கொண்டே இறக்க வேண்டும். மாதிரியின் விட்டம் சுமார் 25 மில்லிமீட்டர். ஆய்வகத்தில் அதை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக அறுப்பார்கள். பாறையே முள்ளைத் திருப்பும் என்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், ஆகவே திசை குறிக்கச் சூரியத் திசைகாட்டி வேண்டும்: ஓர் ஊசியின் நிழல் விழும் கோணத்தையும் நாள், நேரத்தையும் குறித்துக்கொண்டால் சூரியன் நின்ற திசையைக் கணக்கிட்டு உண்மை வடக்கை அறியலாம். நவம்பர் இறுதியிலும் சனவரி நடுவிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் நிழலே விழாது. அந்த மாதங்களில் காலையிலேயே பணியை முடிக்க வேண்டும். கிழக்குக் கரையில் மேகம் மூடினால், தெளிவாகத் தெரியும் தொலைவுக் குறி ஒன்றைப் பார்த்து வரைபடத்தின் உதவியால் கோணம் எடுக்கலாம்.

குறியிடும் வேலையை மாணவர்களிடமே ஒப்படையுங்கள், ஆனால் முறையை முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். துளை முடிந்ததும் மாதிரி அடியில் பாறையோடு ஒட்டியே நிற்கும். அந்நிலையில் பிளவுள்ள குழாயை அதன்மேல் செருகி, சாய்வையும் திசையையும் படித்து எழுதிக்கொண்டு, பிளவின் வழியே பித்தளைக் கம்பியால் மேல்விளிம்பில் ஒரு கோடு இழுத்து, அதன்பிறகே அடியை உடைத்து மாதிரியை வெளியே எடுக்க வேண்டும். கோடு போடுவதற்கு முன்பே உடைந்து கையோடு வந்துவிட்ட மாதிரியைத் திசை ஆய்வுக்கு அனுப்ப வேண்டாம். கனிமச் சோதனைக்குத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வகத்தில் அதற்கும் தேவை இருக்கும்.